காற்றோடும் அளவுக்கே சாமான்: வெள்ளவத்தை ஃபிளட் ஒன்றை ஒழுங்குபடுத்திய பதிவு

கொழும்பில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், 8 அடிக்கு 7 அடிக் குசினி, குளியலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பல்கணி. மொத்தம் 780 சதுர அடி. இருப்பவர்கள் ஐந்து பேர்: அம்மம்மா, கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அலுமாரி நான்கு. கட்டில்களுக்கு அடியில் சூட்கேஸ் ஆறு. குசினியில் மேல்தட்டுக்கும் மேலே, சீலிங்கை முட்டும்வரை காட்போட் பெட்டிகள். இடம் போதவில்லை என்பதுதான் வீட்டார் சொன்ன குறை. அலுமாரிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது பூஞ்சண வாடை.

கொழும்பில் ஒரு வீடு எவ்வளவு சாமானைத் தாங்கும் என்பதைச் சதுர அடியைவிடக் காற்றோட்டமே தீர்மானிக்கிறது. கடலோரத்தில் காற்றின் ஈரப்பதன் பகலிலேயே 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இரவில் 80ஐத் தாண்டும். 65க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் துணி, தோல், தாள், மரம் எதிலும் பூஞ்சணம் பிடிக்கலாம். நெருக்கி அடுக்கிய அலுமாரி, எவ்வளவு நேர்த்தியாக மடித்து லேபல் ஒட்டியிருந்தாலும், வைகாசி மழையோடு கெட்டுப்போகும். எல்லாவற்றையும் மூடியுள்ள பெட்டியில் போடு, காற்றை உறிஞ்சிய பையில் அமுக்கி வை என்று குளிர்நாட்டுக்காரர் சொல்லும் முறைகளை இங்கே அப்படியே எடுத்தால் ஆறு மாதத்தில் பட்டுச் சீலையில் கறுப்புப் புள்ளி விழும்.

ஆகவே இந்த வேலையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வி: வருடத்தில் இரண்டு தடவை இதை வெளியே எடுத்துக் காற்றாட விட வீட்டில் ஆள் உண்டா? இல்லையென்றால் அது இந்த வீட்டில் இருக்க வேண்டியதில்லை. வீடு ஒழுங்குபடுத்தும் முறைக்குப் பேர்போன ஜப்பானின் மரி கொண்டோ சொல்வதுபோல் "இது உங்களுக்குச் சந்தோசம் தருகிறதா" என்று அம்மம்மாவிடம் கேட்டால் பழைய பேணி மூடிகூடச் சந்தோசம்தான் தரும், "இதை ஆர் எடுத்துத் துடைக்கிறது அம்மம்மா?" என்று கேட்டால் அவரே பதிலைச் சொல்லிவிடுவார்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு

கொழும்பில் மழை மிகக் குறைந்த காலம் ஜனவரி, பெப்ரவரி. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கும்; வைகாசியில் தென்மேல் பருவக்காற்று; ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் கொட்டும். எனவே பெரிய வேலையைத் தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி மாசிக்குள் முடித்துவிட வேண்டும். பொங்கலுக்கென்று வீடு ஏற்கெனவே கழுவித் துடைத்திருக்கும். ஒட்டடை அடிக்கும் வேலை மிச்சம். ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் மழை கொஞ்சம் விடும். இரண்டாவது தடவை காற்றாட விட அந்த இடைவெளி.

ஈரம் ஏறிய துணியை ஐப்பசி மாதத்தில் பெட்டிக்குள் அடுக்கி மூடுவது, ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைப்பதாகும். காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில், வெயில் எறிக்கும் நாளில் மட்டுமே பெட்டி மூட வேண்டும்.

முதலில் வாங்கியது ஈரப்பதன் காட்டும் சின்ன டிஜிட்டல் மீற்றர்கள், நான்கு. மலிவான மீற்றர் ஐந்து ஆறு புள்ளி பிழையாகக் காட்டக்கூடும், அதனால் முதலில் சரிபார்க்க வேண்டும். போத்தல் மூடி ஒன்றில் கறி உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்து இறுக்கமாக மூடும் பையில் 8 முதல் 12 மணித்தியாலம் வையுங்கள். உப்பு தண்ணீராகக் கரைந்துவிடக் கூடாது. உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிற்கும். மீற்றர் 79 காட்டினால் அது 4 கூடக் காட்டுகிறது. பின்பக்கத்தில் "கழி 4" என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு அலுமாரிக்கு ஒன்றாக, நடுத்தட்டில், கதவை மூடி ஓர் இரவு விட வேண்டும். இந்த வீட்டில் ஹோலின் அலுமாரி 71. பிள்ளைகளின் அறையில் 76. அம்மம்மாவின் அலுமாரி 83. எந்த அலுமாரியில் வேலை தொடங்குவது என்ற வாக்குவாதம் அதோடு முடிந்தது.

போகும் சாமான் எந்த வழியால் போகும்

பிரிக்கத் தொடங்குமுன் இதைத் தீர்க்காவிட்டால், பிரித்து வைத்த குவியல் பல்கணியில் ஒரு மாதம் கிடந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வரும். கொழும்பு மாநகர சபையின் லொறிக்கு உக்கும் குப்பையையும் உக்காததையும் வேறு வேறாகக் கொடுக்க வேண்டும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பிறகு இந்த விதி கண்டிப்பாகியது. தரம்பிரிக்காத பெரிய மூட்டையை லொறிக்காரர் எடுக்காமல் விட்டுப்போக நியாயம் உண்டு. ஒரே நாளில் பத்து மூட்டை இறக்காமல், ஒவ்வொரு முறைக்கும் இரண்டு என்று அனுப்புங்கள்.

பழைய பேப்பர், போத்தல், இரும்பு எடுப்பவர் வாசலுக்கே வருவார். பித்தளை, செம்பு, அலுமினியம் கொடுப்பதானால் உங்கள் தராசிலும் நிறுத்து, நிறையைத் தாளில் எழுதி வையுங்கள். உலோகத்தை வேறு வேறாகப் பிரித்துக் கொடுத்தால் விலை கூடும். கெட்டுப்போன சார்ஜர், ரவுட்டர், மடிக்கணினி, பட்டறி இவை மின்கழிவு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே போக வேண்டும். பழைய சுருள் சி.எஃப்.எல் பல்புகளில் பாதரசம் உண்டு. உடையாமல் தாளில் சுற்றி அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். வீங்கிய கைத்தொலைபேசி பட்டறியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. மணல் போட்ட பேணியில், பல்கணியில் தனியே வைத்து முதல் வேலையாக அனுப்புங்கள்.

உடுப்புக் கொடுப்பதானால் தோய்த்து, பொத்தான் தைத்து, அளவு எழுதிக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுத்தால், வாங்கும் இல்லத்தாருக்கு அதை எறியும் வேலையைத்தான் கொடுக்கிறோம்.

குசினி

குசினி முழுவதையும் ஒரே நாளில் நிலத்தில் இறக்கினால் இரவுச் சாப்பாடு கடையில்தான். மத்தியானச் சமையல் முடிந்தபின் ஒரு தட்டு, அல்லது ஒரு லாச்சி. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்றாவது மணித்தியாலத்தில் ஆட்கள் எதையும் பார்க்காமல் திரும்ப உள்ளே தள்ளத் தொடங்குவார்கள்.

இறங்கியவை: இடியப்ப உரல் மூன்று, துருவலை இரண்டு, பிரஷர் குக்கர் இரண்டு (ஒன்றுக்கு வாஷர் இல்லை), 20 லீற்றர்க் கிடாரம் ஒன்று, கைபிடி ஆடும் தாச்சி, ஹோர்லிக்ஸ், ஜாம் போத்தல்கள் ஒரு சாக்கு. உரலில் அச்சு தேயாத ஒன்று நின்றது. திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் எடுக்கும் கிடாரம், பெரிய வீடுள்ள உறவினரிடம் போனது. இரு வீட்டுக்கும் பொது. போத்தல்களில் ஒரே வாயளவுள்ள 12ஐ மட்டும் வைத்தோம். மூடி மாற்றிப் போடக்கூடிய போத்தலுக்குத்தான் பயன் உண்டு. எந்த மூடி எதற்கென்று தேட வேண்டிய போத்தலை அடுத்த தடவையும் யாரும் எடுக்கப்போவதில்லை.

நீத்துப்பெட்டி, சுளகு போன்ற பனையோலைச் சாமான்களை அலுமாரிக்குள் வைக்கக் கூடாது. கழுவினால் வெயிலில் முழுக்கக் காயவிட்டு, சுவரில் கொளுக்கியில் தொங்கவிடுங்கள். பொலித்தீன் உறை போட்டால் ஒரு மழையில் பச்சை பூக்கும்.

உலர்சாமான் டப்பாக்களைக் கண்மதிப்பில் வாங்குவதால்தான் பாதி பை டப்பாவிலும் மீதி ரப்பர் பாண்ட் போட்டும் கிடக்கிறது. ஒரு கிலோ எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு இது. அரிசி 1.25 லீற்றர். பருப்பும் அவ்வளவே. சீனி 1.2 லீற்றர். கோதுமை மா, வறுத்த அரிசி மா ஏறத்தாழ 1.8 லீற்றர். மிளகாய்த்தூள் இரண்டு லீற்றருக்குக் கிட்ட. மேலே ஒரு பங்கு காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் அகப்பை இறங்காது. ஆகவே 10 கிலோ அரிசிக்கு 15 லீற்றர் வாளி; 2 கிலோ மாவுக்கு 4 லீற்றர் டப்பா. சதுர டப்பா ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், வட்ட டப்பா மூலையை வீணாக்கும். புறக்கோட்டைப் பிரதான வீதிப் பக்கத்துப் பிளாஸ்டிக் கடைகளில் ஒரே மாதிரியில் டசின் கணக்கில் கிடைக்கும். மூடியில் சிலிக்கன் வளையம் உள்ளதா, அது கழற்றிக் கழுவக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் போட்டாலும் அரிசியில் வண்டு வரும். முட்டை கடையிலிருந்தே வருகிறது. காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் அந்த முட்டையைக் கொல்லாது. மாவையும் ரவையையும் வாங்கிய உடனே நான்கு நாள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் முட்டை சாகும். அரிசிக்கு அவ்வளவு ஃப்ரீஸர் இடம் கிடையாது. 10 கிலோவுக்குப் பதில் 5 கிலோவாக வாங்கி, வாளியைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் புதியதைக் கொட்டுங்கள். பழைய அரிசிக்கு மேல் புதியதைக் கொட்டுவதால்தான் வண்டு வருடக்கணக்கில் குடியிருக்கிறது.

ஊரிலிருந்து வரும் மிளகாய்த்தூள் தனிக் கவனம் கேட்கும். யாழ்ப்பாணத்தில் வறுத்து இடித்து இரண்டு கிலோவாக வரும் தூளை ஒரே பேணியில் போட்டு, ஈரக் கரண்டியால் அள்ளினால் மூன்றாம் மாதம் கட்டி, ஐந்தாம் மாதம் காறல் மணம். 250 கிராமைக் கைப்போத்தலுக்கு எடுத்துவிட்டு, மீதியைக் கால் கிலோப் பொதிகளாகக் காற்றை வெளியேற்றி ஃப்ரீஸரில் அடுக்குங்கள். பொதியை வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கவே கூடாது. குளிர்ந்த தூளில் கொழும்புக் காற்று பட்டதும் நீர் படியும். சேர்த்து வைத்த அருமை அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அடுப்புக்கு நேர் மேலே இருந்த மசாலாத் தட்டு கழற்றப்பட்டது. நீராவியும் சூடும் அங்கேதான் ஏறுகின்றன. கைக்கு எட்ட வேண்டும் என்றால் பக்கச் சுவரில், அடுப்பு விளிம்பிலிருந்து 2 அடி தள்ளிப் போடலாம்.

12.5 கிலோ காஸ் சிலிண்டர் மூடிய கபேட்டுக்குள் இருந்தது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது; கசிந்தால் கீழே தேங்கும். கபேட்டுக் கதவு கழற்றப்பட்டு, துணித்திரையும் போடாமல் திறந்தே விடப்பட்டது. கதவு வேண்டுமென்றால் அடிப்பகுதியில் கம்பிவலைத் துவாரம் கட்டாயம். சிலிண்டரைச் சுற்றிப் பழந்துணி, சொப்பிங் பை, வெங்காயக் கூடை எதுவும் வேண்டாம். ஹோஸ் வெடித்தோ இறுகியோ இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

தட்டுப் போடுதல்

மேலே இருந்த காட்போட் பெட்டிகள் போனபின், பக்கச் சுவரில் புதிதாக மூன்று தட்டு. ஒவ்வொன்றும் 30 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். 8க்கு 4 அடித் தகட்டிலிருந்து மரவேலைப் பாஸ் வெட்டிக் கொடுத்தார். மீதியில் அலுமாரிக் கால்களும் செய்யலாம். எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), துகள்பலகை இரண்டும் குசினிக்கு ஆகாது. ஓரப்பட்டி உரிந்த இடத்தால் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஊதிய பலகை திரும்பச் சுருங்காது.

பிளைவூட்டையும் பொருத்துமுன் ஆறு பக்கமும் வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்பையும் திருகாணித் துளைகளையும் விட்டுவிடுவதுதான் வழமையான பிழை. ஈரம் அங்கேதான் நுழைகிறது. தட்டுக்கும் சுவருக்கும் இடையில் அரை அங்குலம் இடைவெளி விட்டால் காற்றுப் போகும், துணி விட்டுத் துடைக்கவும் முடியும்.

சுவர் சீமெந்துக் கல். மேல்பூச்சு மட்டுமே 15 முதல் 20 மில்லிமீற்றர். துளையை 30 மில்லிமீற்றரில் நிறுத்தினால் ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் உறை) பூச்சில்தான் பிடித்திருக்கும். பாரம் ஏறியதும் பூச்சோடு பெயர்ந்து வரும். 8 மில்லிமீற்றர் மேசன் பிட், 60 மில்லிமீற்றர் ஆழம், 50 மில்லிமீற்றர் பிளக், இரண்டரை அங்குலத் திருகாணி. ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். துளைக்குள் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடித்தால் பாதியில் நிற்கும். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்கவே வேண்டாம். வயர்க் குழாய் அந்த வழியாகத்தான் ஓடும்.

கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் சாதாரணத் திருகாணி ஒரு வருடத்தில் துரு வழியும். 304 தரத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி வாங்குங்கள். பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹார்ட்வெயார்க் கடைகளில் உதிரியாகவும் எண்ணித் தருவார்கள். பிராக்கெட்டுகளுக்கு இடைவெளி 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மேல்தட்டின் உயரத்தை வீட்டில் கட்டையானவரை நிற்கவைத்து, அவர் கை எட்டும் இடத்தில் குறிக்க வேண்டும். 5 அடி உயரமானவர் கதிரை இல்லாமல் எட்டுவது ஏறத்தாழ 6 அடி. அதற்கு மேல் போடும் தட்டில் ஏறும் சாமான் திரும்ப இறங்குவதே இல்லை.

ஒட்டும் கொளுக்கிகள் டைல்ஸில் நன்றாக நிற்கும். டிஸ்டெம்பர் சுவரில் பெயின்ற் தோலோடு கழன்றுவிடும். டைல்ஸையும் முதலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் 24 மணித்தியாலம் எதையும் தொங்கவிடாமல் விட வேண்டும்.

அலுமாரிகள்

83 காட்டிய அம்மம்மாவின் அலுமாரி மூன்று காரணத்தால் நனைந்திருந்தது. சுவரோடு ஒட்டி நின்றது. அடிப்பலகை நிலத்தில் படிந்திருந்தது. எல்லாவற்றையும்விட, அந்தச் சுவரின் மறுபக்கம் ஏ.சி. போடும் அறை. இரவு முழுக்கக் குளிரும் சுவரில் இந்தப் பக்கத்து ஈரக்காற்று பட்டு நீராகப் படிகிறது. அலுமாரியின் பின்பலகை அதைக் குடிக்கிறது. கொழும்பு ஃபிளட்டுகளில் "இந்த அலுமாரி மட்டும் ஏன் மணக்குது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இந்தச் சுவர்தான்.

செய்தவை: சுவரிலிருந்து 2 அங்குலம் இழுத்து, பின்னால் மரக்கட்டை ஒன்றை வைத்து, திரும்பத் தள்ளுப்படாமல் தடுத்தோம். 4 அங்குல உயரக் கால்கள். பின்பலகையில் கீழே மூன்று, மேலே மூன்றாக 2 அங்குல விட்டத் துளைகள், வட்டமாக வெட்டும் ட்ரில் பிட்டால். உள்பக்கம் அலுமினிய வலை, கரப்பான் புகாமல். கீழால் காற்று ஏறி மேலால் போக, உள்ளே இருக்கும் தட்டுகளும் பின்பலகையை முட்டக் கூடாது. ஒவ்வொரு தட்டிலும் பின்விளிம்பை ஓர் அங்குலம் வெட்டினோம்.

பூஞ்சணம் படிந்த பலகையை 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட வேண்டும். முகக்கவசம் போட்டு, ஃபேனை நிறுத்தி, யன்னலைத் திறந்து செய்யுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் என்பதால் விளக்கோ அடுப்போ கிட்ட வேண்டாம். உலர்ந்த தும்புத்தடியால் தட்டினால் வித்து அறை முழுக்கப் பறக்கும்.

எவ்வளவு துணி என்பதற்கு எளிய அளவு: மடித்த அடுக்குக்கும் மேல்தட்டுக்கும் இடையே ஒரு கை தடையில்லாமல் போய்வர வேண்டும், தொங்கும் உடுப்புக்கு ஒரு மீற்றர்க் கம்பியில் 25 சட்டைக்கு மேல் வேண்டாம். இந்த அளவுக்கு வந்தபோதுதான் என்ன போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்தது. முதலில் போனவை கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த குளிர்ச்சட்டைகள். தடித்த கம்பளி இந்த ஊரில் ஈரத்தைத்தான் சேர்க்கும். நுவரெலியாப் பயணத்துக்கு ஆளுக்கு ஒன்று போதும்.

பட்டுச் சீலைகளைக் கடைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து, தோய்த்து உலர்ந்த பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை அந்த வரியிலேயே முறியும். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது; கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாப்தலீன் உருண்டையே வேண்டாம், ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு அதன் ஆவி ஆபத்து. பருத்திச் சீலையைக் கஞ்சியோடு உள்ளே வைப்பதும் கேடு. வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. கஞ்சி போக அலசி, காயவைத்து வைத்துவிட்டு, கட்டும்போது கஞ்சி போடலாம்.

ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பது கல்சியம் குளோரைட். அது உறிஞ்சிய ஈரம் அடியில் உப்புநீராகச் சேரும். சரிந்தால் துணியும் தோலும் பழுது. மேல்தட்டில் வைக்காமல், அடித்தட்டில் ஒரு பேசினுக்குள் வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை 120 பாகையில் ஓவனில் ஒன்றிரண்டு மணித்தியாலம் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் சாப்பாட்டு ஓவனில் போட வேண்டாம், செம்மஞ்சள் நிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் பத்திரப் பெட்டி போன்ற சின்ன, இறுக்கமாக மூடும் இடத்துக்குத்தான். சந்து சந்தாக ஈரம் நுழையும் அலுமாரிக்கு எத்தனை பொட்டலம் போட்டாலும் ஒரு கிழமையில் நிறைந்துவிடும்.

தாள்கள்

தமிழ்க் குடும்பத்துக்குத் தாள் சாதாரண விடயமாக இருந்ததில்லை. இடம்பெயர்ந்த வீடுகளில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கைவிட்டுப் போய், ஒவ்வொன்றையும் திரும்ப எடுக்க அலைந்தவர்கள் தாளை எறியப் பயப்படுவது நியாயம். அதனால் தாள் விடயத்தில் அவசரமே காட்டவில்லை. எதையும் எறியுமுன் எல்லாத் தாளும் மேசையில் ஆறு குவியலாகப் பிரிந்தன: ஆள் அடையாளம், காணி, படிப்பு, பணம், மருத்துவம், மற்றவை.

காணி உறுதி, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ், கடவுச்சீட்டு, க.பொ.த. பெறுபேறுகள், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள் எல்லாம் என்றென்றைக்கும். உறுதியில் உள்ள காணிப் பதிவகத் தொகுதி எண், பக்க எண், நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றை வேறொரு தாளில் எழுதி, வேறொரு வீட்டில் வையுங்கள். மூலம் போனாலும் அந்த எண் இருந்தால் பிரதி எடுக்கத் தேட வேண்டிய இடம் தெரியும். ஊரில் உள்ள காணிக்கான சோலை வரிப் பற்றுச்சீட்டு, பழைய மின்பட்டியல் எல்லாம் வெறும் குப்பை போலத் தெரியும். காணியை 10 வருடம் தொடர்ந்து ஆண்டு அனுபவித்ததை வழக்கில் காட்ட வேண்டி வந்தால் அவைதான் சாட்சி. அவை நின்றன. எறியப்பட்டவை கொழும்பு வீட்டின் பழைய தொலைபேசிப் பட்டியல், காலாவதியான உத்தரவாத அட்டை, இப்போது வீட்டில் இல்லாத மெஷின்களின் கையேடு.

பிறப்புச் சான்றிதழையும் உறுதியையும் லமினேட் பண்ணக் கூடாது. பின்பக்கத்தில் முத்திரை குத்த முடியாமல் போகும். பிரிக்கப்போனால் மை பிளாஸ்டிக்கோடு வரும். மென்மையான பி.வி.சி. உறையும் ஆகாது, போட்டோப்பிரதியின் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். சற்றே சரசரக்கும் பொலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். கடைகள் தரும் பற்றுச்சீட்டு வெப்பத்தாள். ஒரு வருடத்தில் வெளிறிவிடும். குளிர்சாதனப்பெட்டி, ஃபேன் போன்றவற்றின் பற்றுச்சீட்டை வாங்கிய கிழமையே பிரதி எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள்.

எல்லாம் ஒரே கைபிடிப் பெட்டியில், தரையிலிருந்து குறைந்தது 3 அடி உயரத்தில், வெளிக்கதவுக்குக் கிட்ட. தீயோ வெள்ளமோ என்றால் ஒரு கையால் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

2022இல் சேர்ந்தவை

அந்த வருடப் பொருளாதார நெருக்கடியில் காஸுக்கும் எண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதும், மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததும் பல வீடுகளின் அலுமாரிகளில் இன்னும் கிடக்கிறது. இங்கே மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டு, வெற்றுக் கான்கள் ஏழு, சார்ஜ் நிற்காத டோர்ச் ஐந்து. பயத்தைக் கேலி செய்து எறியவைக்க முடியாது, செய்யவும் கூடாது. ஒரு அடுப்பு திரி மாற்றி நின்றது; மண்ணெண்ணெய் 5 லீற்றர், பல்கணி நிழலில். பெட்ரோல் கான் ஃபிளட்டில் கூடவே கூடாது. ஆவி தூரத்துச் சுவிட்சுப் பொறியிலும் பற்றும். வேலை செய்யும் டோர்ச் இரண்டு, பட்டறியைக் கழற்றித் தனியே. உலர்சாமான் இரண்டு கிழமைக்கு, திகதி எழுதி. புதியதை வைக்கும்போது பழையதைச் சமையலுக்கு எடுத்தால் எதுவும் பழுதாகாது.

சூட்கேஸ்கள்

ஆறில் நான்கு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் "அடுத்தமுறை எடுக்கிறன்" என்று விட்டுப்போனவை. திறந்து, உள்ளே இருப்பதைப் படமெடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு திகதியும் சொன்னால் மறுப்பு வருவது அரிது. கேட்காமல் கொடுத்துவிட்டால் உறவு கெடும், அதைச் செய்ய வேண்டாம். மிஞ்சிய இரண்டு சூட்கேஸும் ஒன்றுக்குள் ஒன்று, சிப் திறந்தபடி.

பல்கணியில் பழைய பூச்சாடித் தட்டு, உடைந்த வாளி எல்லாம் போயின. நுளம்பு முட்டை நீரில் விழுந்து நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குளிர்சாதனப்பெட்டியின் பின்னால் உள்ள நீர்த்தட்டை யாரும் பார்ப்பதில்லை. சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார்.

குளியலறை மருந்துப் பெட்டி அறைக்கு மாறியது. காலாவதி மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துத் தேயிலைச் சக்கையோடு கலந்து, பொதிந்து உக்காத குப்பையில் போட்டோம்; இன்சுலின் ஊசிகள் தடித்த பிளாஸ்டிக் போத்தலில், மூடி இறுக்கி.

கடைசி அளவீடு, அதே முறையில், ஓர் இரவு கதவை மூடி: ஹோலின் அலுமாரி 64, பிள்ளைகளின் அறையில் 66. அம்மம்மாவின் அலுமாரி 83இலிருந்து 72க்கு இறங்கியிருக்கிறது. ஏ.சி.ச் சுவரில் நிற்கும்வரை அது அதற்குக் கீழ் இறங்காது. கட்டிலை அந்தச் சுவருக்கும் அலுமாரியை எதிர்ச் சுவருக்கும் மாற்ற, யன்னல் பக்கத்துப் பிளக் பொயின்ட் ஒன்றை 3 அடி தள்ள வேண்டும். அனுமதிப்பத்திரம் உள்ள மின்வேலைக்காரர் வந்து அளந்துபோயிருக்கிறார். அதுவரை பட்டுச் சீலைகள் ஹோலின் அலுமாரியில், இரண்டாம் தட்டில்.